கேள்வியைத் திருப்பிக் கேட்டவர்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்து ஊர்க் காலனியில் ஏழெட்டு வீடுகள் கொளுத்தப்பட்டன. மறுநாள் காலை நானும் தோழர்கள் சிலரும் அங்கே போனோம். எங்களுக்கு முன்பே ஒரு தொலைக்காட்சி வண்டி வந்து நின்றது. கருகிய நெல் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம் மைக்கை நீட்டி, இப்போது மனநிலை எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். அவர் அழுதார். அதைப் படம் பிடித்துக்கொண்டு வண்டி கிளம்பிவிட்டது. ரோட்டைத் தாண்டி ஊர்த்தெருவுக்குள் அந்த மைக் போகவில்லை. ஏன் கொளுத்தினீர்கள், இந்த மக்களைக் கண்டால் உங்களுக்கு அப்படி என்ன பயம் என்று அங்கே யாரிடமும் யாரும் கேட்கவில்லை.

தொலைக்காட்சியில் நம்மவர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒருவர் நினைவுக்கு வருவார். அவர் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின். நாவல், கட்டுரை, நாடகம் என்று நிறைய எழுதியவர். ஆனால் புத்தகம் வாங்கிப் படிக்காத லட்சக்கணக்கான வீடுகளுக்குள்ளும் அவர் போனது தொலைக்காட்சி உரையாடல்கள் வழியாகத்தான். கறுப்பர்களின் பிரச்சினை என்ன என்று கேட்டவர்களிடம், அந்தப் பிரச்சினை உங்களிடம் அல்லவா இருக்கிறது என்று கேள்வியைத் திருப்பிக் கொடுத்தவர் அவர். அவர் கதையை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹார்லெம் தெருவில்

நியூயார்க் நகரத்தின் ஹார்லெம் பகுதியில் 1924 ஆகஸ்ட் 2 அன்று பால்ட்வின் பிறந்தார். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்து நடந்துபோகும் தூரம்தான் ஹார்லெம். தென் மாநிலங்களின் கொடுமை தாங்காமல் வடக்கே பிழைக்க வந்த கறுப்பின மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது.

தாய் எம்மா பெர்டிஸ். பெற்ற தகப்பன் யாரென்று பால்ட்வினுக்குத் தெரியாது. வளர்த்தவர் டேவிட் பால்ட்வின் என்ற போதகர். அவர் குளிர்பானப் புட்டி நிரப்பும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் செய்தார். டேவிட்டின் தாய் அடிமையாகப் பிறந்தவர். வீட்டில் பிள்ளைகள் ஒன்பது பேர், ஜேம்ஸ் மூத்தவர். ஒரு கையில் கைக்குழந்தை, மறு கையில் புத்தகம் என்றுதான் அவர் வளர்ந்தார். பெரிதாகப் பிதுங்கிய அவர் கண்களைக் காட்டி அவலட்சணம் என்று வளர்ப்புத் தந்தை திட்டுவார். பின்னாளில் தொலைக்காட்சி பார்த்தவர்களால் மறக்க முடியாமல் போனவை அதே கண்கள்தான்.

பத்து வயதில் இரண்டு போலீஸ்காரர்கள் அவரைப் பிடித்து, சோதனை என்ற பெயரில் அசிங்கப்படுத்தி, காலி மனையில் தள்ளிவிட்டுப் போனார்கள். பதின்மூன்று வயதில் நகரின் பெரிய நூலகத்துக்குப் போக வீதியைக் கடந்தபோது, உன் பகுதியிலேயே இருக்க வேண்டியதுதானே என்ற பொருளில் ஒரு போலீஸ்காரர் சொன்னார். நம் ஊரில் செருப்புப் போட்டுக்கொண்டோ சைக்கிள் மிதித்தோ தெருவுக்குள் போன பெரியவர்களைக் கேட்டால், இந்தப் பேச்சின் அர்த்தத்தைச் சொல்வார்கள்.

ஆனாலும் அவருக்கு நல்ல ஆசிரியர்கள் கிடைத்தார்கள். அவர் படித்த ஆரம்பப் பள்ளியின் தலைமையாசிரியர் கெர்ட்ரூட் அயர் ஒரு கறுப்பினப் பெண். ஓரில்லா மில்லர் என்ற வெள்ளைக்கார ஆசிரியை அந்த ஏழைப் பையனை நாடகத்துக்கும் சினிமாவுக்கும் அழைத்துப்போனார். நடுநிலைப் பள்ளியில் புகழ்பெற்ற கறுப்பினக் கவிஞர் கௌண்டீ கல்லன் ஆசிரியராக இருந்தார். பதினான்கு வயது முதல் மூன்றாண்டுகள் பால்ட்வினும் தேவாலயத்தில் சிறுவர் போதகராக இருந்தார். ஒரு கூட்டத்தை எப்படிப் பேச்சால் கட்டிப்போடுவது என்று கற்றது அங்கேதான். பிறகு தேவாலயத்தை விட்டார், பேச்சு மட்டும் அவரை விடவில்லை.

உடைந்த கண்ணாடி

பள்ளி முடித்ததும் குடும்பத்துக்குச் சோறு போட நியூஜெர்சியில் வேலைக்குப் போனார். அங்கே ஓட்டல், மதுக்கடை என்று எங்கே போனாலும் உனக்கு இங்கே பரிமாற மாட்டோம் என்ற பதில்தான். ஓர் இரவு டிரெண்டன் நகரத்து உணவகமொன்றில் பரிமாறும் பெண் அதே பதிலைச் சொன்னபோது, மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையை எடுத்து வீசினார். அது அவள் மேல் படாமல் பின்னாலிருந்த கண்ணாடியில் பட்டு நொறுங்கியது. கூட்டம் திரள்வதற்குள் ஓடித் தப்பினார். அன்று தன்னைக் கொன்றிருப்பார்கள், அல்லது தானே ஒரு கொலை செய்திருப்பேன் என்ற நினைப்பு அவரை உலுக்கியது. தன் உயிருக்கு உண்மையான ஆபத்து தன் நெஞ்சில் ஊறிக்கொண்டிருக்கும் வெறுப்பு என்று பின்னர் எழுதினார். தனிக் குவளையில் தேநீர் வாங்கிக் குடித்த தலைமுறையைத் தாத்தா பாட்டியாகக் கொண்ட நமக்கு அந்தக் குவளை புரியாததல்ல.

1943 ஜூலை 29 அன்று வளர்ப்புத் தந்தை இறந்தார். கடைசித் தங்கை பிறந்ததும் அன்றே. தந்தையின் இறுதிச் சடங்கு நடந்தது பால்ட்வினின் பத்தொன்பதாவது பிறந்தநாளில். அதையொட்டித்தான் ஹார்லெமில் பெரும் கலவரம் நடந்தது. உடைந்த கண்ணாடிச் சில்லுகள் கிடந்த தெரு வழியாகத்தான் உடல் போனது.

இந்த நாட்டில் இருந்தால் எழுத முடியாது, உயிரோடும் இருக்க முடியாது என்று 1948 நவம்பரில் பாரிசுக்குப் போனார். கையில் இருந்தது ஏறத்தாழ 40 டாலர். பட்டினி கிடந்தார். யாரோ திருடிய படுக்கை விரிப்பு அவர் அறையில் இருந்ததற்காகச் சிறைக்கும் போனார். 1953-இல் முதல் நாவலும், 1955-இல் முதல் கட்டுரைத் தொகுப்பும் வந்தன. 1956-இல் ஆண்கள் இருவருக்கு இடையிலான காதலைப் பற்றி நாவல் வெளியிட்டார். அந்தக் காலத்தில் அது எவ்வளவு துணிச்சல் என்பதை எண்ணிப் பாருங்கள். அவர் தன் தன்பாலீர்ப்பை மறைத்தவர் இல்லை.

1957-இல் தாய்நாடு திரும்பி, வாழ்க்கையில் முதன்முறையாகத் தென் மாநிலங்களுக்குப் போனார். வெள்ளையர் பள்ளிக்குள் தனியாக நுழைந்த கறுப்பினப் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் சந்தித்தார். மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்தார். எழுத்தாளர் அங்கே சாட்சியாக மாறினார்.

மே 24, 1963

1963-இல் அமெரிக்காவில் பத்தில் ஒன்பது வீடுகளில் தொலைக்காட்சி இருந்தது. அந்த மே மாதம் பர்மிங்ஹாம் நகரில் ஊர்வலம் போன கறுப்பினப் பள்ளிப் பிள்ளைகள் மீது போலீஸ் நாய்களை ஏவியதையும், தீயணைப்புக் குழாயால் தண்ணீர் பீய்ச்சித் தள்ளியதையும் வீட்டில் இருந்தபடியே நாடு பார்த்தது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் பால்ட்வினின் புதிய கட்டுரை நூல் வெளிவந்து பரபரப்பாக விற்றுக்கொண்டிருந்தது. டைம் பத்திரிகை அவர் முகத்தை அட்டையில் போட்டது.

அரசின் தலைமை வழக்கறிஞரும் குடியரசுத் தலைவரின் தம்பியுமான ராபர்ட் கென்னடி, கறுப்பின மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள பால்ட்வினை அழைத்தார். மே 24 அன்று கென்னடியின் நியூயார்க் வீட்டுக்குப் பால்ட்வின் சில நண்பர்களுடன் போனார். நாடக ஆசிரியர் லொரெய்ன் ஹான்ஸ்பெரி, பாடகர் ஹாரி பெலஃபாண்டே, உளவியலாளர் கென்னத் கிளார்க் ஆகியோர் அவர்களில் சிலர். ஜெரோம் ஸ்மித் என்ற இளைஞரும் வந்திருந்தார். பேருந்தில் நிறவெறியை எதிர்த்துப் பயணம் செய்ததற்காக மிசிசிப்பியில் கடுமையாக அடிபட்டவர் அவர்.

கென்னடி தன் அரசு செய்த நல்லவற்றை அடுக்கினார். ஸ்மித் இடைமறித்தார். இப்படி ஓர் அறையில் உட்கார்ந்து உரிமைக்காகக் கெஞ்ச வேண்டியிருப்பதே தனக்குக் குமட்டுகிறது என்றும், இந்த நாட்டுக்காகப் போரில் துப்பாக்கி ஏந்த மாட்டேன் என்றும் சொன்னார். கென்னடி அதிர்ந்து, அங்கிருந்த பிரபலங்கள் பக்கம் திரும்பினார். இந்த அறையில் நீங்கள் கேட்க வேண்டிய குரல் அந்த இளைஞருடையதுதான் என்று ஹான்ஸ்பெரி அவருக்கு உணர்த்தினார். ஒரு கறுப்பினக் குழந்தையைக் குடியரசுத் தலைவரே கைப்பிடித்துப் பள்ளிக்கு அழைத்துப் போகட்டும் என்று கேட்டார்கள். கென்னடி அதை வெறும் நாடகம் என்று தள்ளிவிட்டார். ஏறத்தாழ மூன்று மணி நேரப் பேச்சு கசப்பில் முடிந்தது. ஹான்ஸ்பெரி எழுந்து வெளியேறினார்.

அங்கிருந்து பால்ட்வினும் கிளார்க்கும் நேராகத் தொலைக்காட்சி நிலையத்துக்குப் போனார்கள். கல்வித் தொலைக்காட்சிக்காக பால்ட்வின், மார்ட்டின் லூதர் கிங், மால்கம் எக்ஸ் மூவரையும் கிளார்க் தனித்தனியே பேட்டி எடுக்கும் நிகழ்ச்சி அது. கிளார்க்கும் கறுப்பினத்தவர், ஹார்லெமில் வளர்ந்தவர். அவரும் அவர் மனைவி மேமியும் கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் கொடுத்து எது நல்லது என்று கேட்டவர்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே நல்லது என்றன. பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது இந்த ஆய்வும் சுட்டிக்காட்டப்பட்டது.

அந்தப் பேட்டியை இன்றும் பார்க்கலாம். பால்ட்வினின் கையில் சிகரெட் புகைகிறது. சற்று முன் நடந்த சந்திப்பின் கொதிப்பு முகத்தில் அப்படியே இருக்கிறது. கிளார்க் அவருடைய குழந்தைப் பருவம், படித்த பள்ளி என்று மெதுவாகத் தொடங்குகிறார். நகர மேம்பாடு என்று அரசு சொல்வது நடைமுறையில் கறுப்பர்களை அப்புறப்படுத்துவதுதான் என்று பால்ட்வின் விளக்குகிறார். சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட நம் மக்கள் அதைக் கேட்டால் ஆமாம் என்று தலையாட்டுவார்கள்.

கடைசியில் எதிர்காலம் பற்றிக் கேள்வி வருகிறது. கறுப்பர்களின் எதிர்காலமும் இந்த நாட்டின் எதிர்காலமும் ஒன்றே என்கிறார் பால்ட்வின். கறுப்பன் இழிந்தவன் என்ற உருவத்தைத் தாங்கள் படைக்கவில்லை, வெள்ளையர்கள்தான் படைத்தார்கள். அந்த உருவம் அவர்களுக்கு எதற்காகத் தேவைப்பட்டது என்பதை அவர்கள் தம் நெஞ்சுக்குள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நாட்டின் எதிர்காலம் அந்த விடையில் இருக்கிறது என்று முடிக்கிறார்.

ஜூன் 11 அன்று குடியரசுத் தலைவர் கென்னடி தொலைக்காட்சியில் தோன்றி, கறுப்பின மக்களின் உரிமை ஓர் அறப் பிரச்சினை என்று பேசினார். சில மணி நேரத்தில், 12-ஆம் தேதி அதிகாலையில், மிசிசிப்பியில் பால்ட்வினின் நண்பர் மெட்கர் எவர்ஸ் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1965-இல் மால்கம் எக்ஸ், 1968-இல் மார்ட்டின் லூதர் கிங். கிளார்க்கின் அந்த நிகழ்ச்சியில் பேசிய மூவரில் இயற்கையாக இறக்கும் வாய்ப்பு பால்ட்வினுக்கு மட்டுமே கிடைத்தது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டன் பேரணிக்கு அவர் போனார். மேடையில் பேச அழைப்பு இல்லை. அவருடைய கூர்மையான நாக்கும் தன்பாலீர்ப்பும் இயக்கத்துக்குள்ளேயே சிலருக்குச் சங்கடமாக இருந்தன. ஒடுக்கப்பட்டவர்களின் இயக்கத்துக்குள்ளும் ஒருவர் ஒதுக்கப்படலாம் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. அவர் பெயரில் 1,884 பக்கக் கோப்பு சேர்த்து வைத்திருந்தது.

கேம்பிரிட்ஜ் மண்டபம்

1965 பிப்ரவரி 18. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் மன்றம். அமெரிக்கக் கனவு கறுப்பின மக்களின் இழப்பில் கட்டப்பட்டதா என்பது பட்டிமன்றத் தலைப்பு. ஆம் என்று பேச பால்ட்வின், எதிர்த்துப் பேச வில்லியம் பக்லி என்ற அமெரிக்கப் பழமைவாதப் பத்திரிகை ஆசிரியர். பி.பி.சி. படம் பிடித்தது. மண்டபம் நிரம்பி வழிந்தது. கூட்டத்தில் ஏறத்தாழ எல்லோரும் வெள்ளையர்கள்.

பால்ட்வின் மெல்லத் தொடங்கினார். ஐந்தாறு வயதுக் கறுப்பினக் குழந்தைக்கு, தான் வணங்கும் கொடி தனக்கானது அல்ல என்று எப்போது தெரிகிறது என்று விளக்கினார். பிறகு, பருத்தி எடுத்தது யார், துறைமுகமும் ரயில் பாதையும் கட்டியது யார் என்ற கணக்குக்கு வந்தார். அதை முன்னோர்களின் கதையாகச் சொல்லாமல், கூலியில்லாமல் சாட்டைக்குக் கீழே தானே செய்த வேலையாகச் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். கறுப்பினப் பெண்ணை மாட்டுத் தார்க்குச்சியால் குத்தும் போலீஸ் அதிகாரிக்கும் ஏதோ கொடிய நோய் கண்டிருக்கிறது, அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததைவிட அவனுக்கு நேர்ந்திருப்பது ஒருவகையில் மோசமானது என்றார்.

இன்னும் நாற்பது ஆண்டுகளில் ஒரு கறுப்பர் குடியரசுத் தலைவர் ஆகலாம் என்று ராபர்ட் கென்னடி சொல்லியிருந்தார். வெள்ளையர்களுக்கு அது பெருந்தன்மையாகப் பட்டது. நானூறு ஆண்டுகளாக அந்த மண்ணில் இருப்பவர்களிடம், நேற்று வந்த குடும்பத்திலிருந்து பதவிக்குப் போனவர் நல்லபடி நடந்துகொண்டால் உங்களுக்கும் தருகிறோம் என்று சொல்வதைக் கேட்டு ஹார்லெம் சிரித்ததைப் பால்ட்வின் அந்த மண்டபத்தில் எடுத்துச் சொன்னார்.

அவர் முடித்து உட்கார்ந்ததும் மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. பக்லி அடுத்துப் பேசினார். வாக்கெடுப்பில் பால்ட்வின் பக்கம் 544, எதிர்ப்பக்கம் 164. மூன்றே நாளில் மால்கம் எக்ஸ் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வந்தது. கைதட்டலின் ஆயுள் எவ்வளவு என்று பால்ட்வினுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நான் நிறம் பார்ப்பதில்லை என்பவர்

எனக்கு அவருடைய பேட்டிகளில் மிகவும் பிடித்தது 1960-களின் இறுதியில் டிக் கேவட் நடத்திய நிகழ்ச்சியில் நடந்தது. பாட்டும் நகைச்சுவையும் கலந்த நிகழ்ச்சி. நடுவில் யேல் பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர் பால் வைஸ் வந்து சேர்ந்தார். எல்லாவற்றையும் ஏன் நிறத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள், மனிதனை மனிதனாகப் பார்க்கலாமே, ஒரு வெள்ளை எழுத்தாளருக்கும் உங்களுக்கும் பொதுவானது எவ்வளவோ இருக்கிறதே என்று அவர் கேட்டார்.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதா என்ன? அலுவலகத்தில், கல்லூரியில், வாடகைக்கு வீடு தேடிப் போகும்போது எத்தனை முறை கேட்டிருக்கிறோம். தான் சாதி பார்ப்பதே இல்லை என்பார் ஒருவர். நீங்கள்தான் எப்போதும் சாதியைப் பேசுகிறீர்கள் என்று குறைபடுவார். நாம் பதில் தெரியாமல், அல்லது கோபத்தில் வார்த்தை வராமல் திரும்பிவிடுவோம்.

பால்ட்வின் அன்று அந்தப் பேராசிரியரின் மனதைப் பற்றி வழக்காடவில்லை. வெள்ளையர்கள் கறுப்பர்களை உள்ளுக்குள் வெறுக்கிறார்களா இல்லையா என்று தனக்குத் தெரியாது, ஆனால் கண்ணால் பார்க்கக்கூடியவை இருக்கின்றன என்று வரிசையாக எடுத்து வைத்தார். வெள்ளையருக்கு ஒரு தேவாலயம், கறுப்பருக்கு ஒரு தேவாலயம். தொழிற்சங்கம் யாரைச் சேர்க்கிறது, யாரை ஒதுக்குகிறது. வீடு, மனை விற்பவர்கள் யாரை எந்தப் பகுதியில் அடைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு எந்தப் பாடப்புத்தகம், எந்தப் பள்ளி. இவை எல்லாம் கண்முன் இருக்கும்போது, எங்குமே பார்த்திராத ஒரு நல்லெண்ணத்தை நம்பித் தன்னையும் தன் குடும்பத்தையும் ஒப்படைக்கச் சொல்வது எந்த நியாயம் என்று கேட்டார். அரங்கம் கைதட்டியது.

நாமும் அப்படியே கேட்கலாம். உங்கள் மனசு எனக்குத் தெரியாது ஐயா. சுடுகாடு ஏன் இரண்டு? தேர் ஏன் எங்கள் தெருவுக்கு வருவதில்லை? மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் எந்தத் தெருவில் முதலில் திறக்கிறது? ஊரில் நிலம் யார் பெயரில் இருக்கிறது? இவற்றுக்கு விடை சொல்ல யாருடைய நெஞ்சையும் திறந்து பார்க்க வேண்டியதில்லை. ஊரை ஒருமுறை சுற்றி வந்தால் போதும்.

அவரிடமும் ஒரு பெண் கேட்டார்

பால்ட்வினைத் தெய்வமாக்க நான் இதை எழுதவில்லை. 1971 நவம்பரில் லண்டனில், கறுப்பினத்தவர்களே தயாரித்த சோல் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக, இளம் கவிஞர் நிக்கி ஜியோவானியுடன் உட்கார்ந்து நீண்ட நேரம் பேசினார். அவருக்கு 47 வயது, ஜியோவானிக்கு 28. வெளியே வெள்ளை முதலாளியிடம் அவமானப்படும் கறுப்பின ஆண், அந்தக் கோபத்தை வீட்டில் பெண்ணிடமும் பிள்ளைகளிடமும் காட்டுவதைப் பற்றி ஜியோவானி கேட்டார். ஆணின் நிலையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று பால்ட்வின் பதில் சொல்லப் பார்த்தார். ஜியோவானி விடவில்லை. வெளியே சிரித்துப் பேசத் தெரிந்தவன் வீட்டிலும் சிரித்துப் பேசட்டுமே என்ற பொருளில் மடக்கினார். அந்த இடத்தில் பால்ட்வினின் விடை போதவில்லை என்றே எனக்குப் படுகிறது. ஆனால் அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை, உட்கார்ந்து கேட்டார். வெள்ளையர்களிடம் வாழ்நாள் முழுதும் கேள்வியைத் திருப்பியவரிடம், தங்கை வயதுள்ள ஒரு பெண் அதையே செய்தார். நம் இயக்கங்களில் இருக்கும் ஆண்கள் இந்த உரையாடலைக் கட்டாயம் பார்க்க வேண்டும், நானும் சேர்த்துத்தான்.

கடைசிக் காலத்தைப் பிரான்சின் தென்பகுதியில் சான் போல் து வான்ஸ் என்ற சிற்றூரில் கழித்தார். புற்றுநோயால் 1987 டிசம்பர் 1 அன்று, 63 வயதில் இறந்தார். நியூயார்க்கின் புனித யோவான் பேராலயத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடி அவருக்கு விடை கொடுத்தார்கள். டோனி மாரிசன், மாயா ஏஞ்சலூ போன்ற எழுத்தாளர்கள் இரங்கல் உரை ஆற்றினார்கள். அந்தப் பேராலயமும் அண்ணல் படித்த கொலம்பியாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 2016-இல் ஹெய்ட்டி நாட்டு இயக்குநர் ராவுல் பெக் எடுத்த ஆவணப்படத்துக்குப் பிறகு அவருடைய பழைய பேட்டிகள் புதிய தலைமுறையிடம் போய்ச் சேர்ந்தன.

போன கோடையில் எங்கள் காலனியின் மாலை வகுப்பில், ஒரு பழைய மடிக்கணினியில் கேம்பிரிட்ஜ் பேச்சைப் போட்டுக் காட்டினேன். நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் கடைசி வரை அமைதியாக இருந்தாள். வாக்குக் கணக்கைச் சொன்னதும் கையைத் தூக்கினாள். அந்த 544 பேரை விடுங்க அண்ணா, இவ்வளவு கேட்ட பிறகும் மாத்திக் குத்தின 164 பேர் என்ன நினைச்சிருப்பாங்க என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். அன்றைக்கு அந்த 164 பேரிடம் யாராவது மைக்கை நீட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.